என் இடுப்பை வரைந்த கோடு

பூண்டியில் எங்கள் பூண்டுக் காட்டுக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள், சிலை செய்கிற பெண் ஒருத்தி. நான் களை எடுக்கும்போதும் கூடை சுமக்கும்போதும் வரப்பில் உட்கார்ந்து கரித்துண்டால் என்னை வரைவாள். ஒரு தாளுக்கு நாலைந்து கோடுதான். நான் திரும்புவதற்குள் அடுத்த தாள். கண், மூக்கு எதுவும் கிடையாது.

"நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டனா? மூஞ்சியையும் போடு" என்றேன்.

"நின்னா சரியா வராதும்மா. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

எனக்குப் பெருமைதான். இந்த வயதில் தனியாளாகப் பூண்டு போடுகிறவள் இந்த ஊரில் வேறு யார்?

மகனுக்குப் பழனியில் கடை. காட்டைக் கொடுத்துவிட்டு வா என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நடை தளர்ந்துச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்" என்பான். என் இடது இடுப்பு எப்போதோ போய்விட்டது. அவனுக்குத் தெரியாது. அவன் வருகிற அன்று வெள்ளனே சோறாக்கி வைத்துவிட்டு, பூண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். "எனக்குச் சோலி கெடக்கு, நீயே போட்டுச் சாப்பிடு" என்பேன். அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை எழ மாட்டேன்.

அந்தப் பெண் தாள்களையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்துப் பல நாள் பார்த்தாளாம். எல்லாவற்றிலும் மாறாமல் இருந்த ஒரே கோட்டை எடுத்து, அதன்படி கம்பியை வளைத்து, சாக்குச் சுற்றி, சிமெண்ட் பூசினாள். கொடைக்கானலில் ஒரு ஹாலில் எல்லாரும் பார்க்க வைத்தாள். தாயை இங்கே எப்படி மதிக்கிறார்கள் என்று மகன் பார்க்கட்டும், அப்புறம் பழனிப் பேச்சை எடுக்க மாட்டான் என்று நானே அவனை வரச் சொன்னேன். அவனுக்கு முன்னமே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சிலை ஆள் உயரம் இருந்தது. தலையில்லை, கையில்லை. என்னோடு வந்த பக்கத்துக் காட்டுக்காரி சிரித்தாள். "என்ன மதினி, மழையில சரிஞ்ச கம்பம் மாதிரி நிக்கிறீக!"

மகன் வந்தான். என்னிடம் வரவில்லை. அதன் எதிரிலேயே நின்றான். ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு என் முன்னால் வந்து, "எந்திரிம்மா" என்றான்.

"எதுக்குடா?"

"சும்மா எந்திரி. அந்தச் சிலை வரைக்கும் நட."

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். நேராகத்தான் நடக்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் விழாமல் இருக்க அந்தச் சிமெண்டையே பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதுவும் நானும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றோம். மதினி என்று சிரித்தவள் தரையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாம்மா?" என்றான். நான் அவனை விட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண்ணிடம், "இதை நிமித்திரு தாயி" என்றேன். அவள் அழுதாள். அழுது எனக்கு என்ன ஆக?

என்னைப் பழனிக்குக் கூட்டிப்போகுமுன் அந்தப் போகத்துப் பூண்டை மகன் ஆள் வைத்துப் பிடுங்கினான். வரப்பில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒருத்தி பூண்டுக் கட்டை இறுக்காமல் கட்டினாள், தூக்கினால் உருவிக்கொள்ளும். சொல்லிக் கொடுக்க எழுந்தேன்.

"உக்காரும்மா" என்றான்.