பத்து மணிச் சூடு

1. மலைக்கு லீவு

கோவையில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் என் வரைபடம் திரையில் ஏறியதும் மேடம் கையைத் தூக்கினார். எங்கள் திட்டத்துக்குத் தலைவர் அவர்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமையானா மட்டும் உங்க மலை லீவு எடுத்துக்குதுங்களா?"

அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், யாரோ வேறொருவரைக் கேலி செய்வதைப் போல. கூட்டம் முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

என் வேலை மண்ணின் வெப்பநிலையை அளப்பது. நீலகிரியில் தேவாலா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்பி வேலி போட்ட சின்ன இடம். அதற்குள் ஐந்து, பதினைந்து, முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று சென்சார்கள். அவை அளப்பதை டேட்டா லாகர் என்ற பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை வைத்து, காற்றின் வெப்பத்தைக் கொடுத்தால் மண்ணின் வெப்பத்தைச் சொல்லிவிடும் ஒரு மாடலை நான் உருவாக்க வேண்டும். அது சரியாக வந்தால் எஸ்டேட்காரர்கள் உரம் போடும் நேரத்தை எளிதாக முடிவு செய்யலாம்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காலை பத்து மணிக்கு மேல்சென்சார் திடீரென்று நான்கு டிகிரி ஏறும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஆழத்தில் லேசாக ஒரு ஏற்றம். சூடு கீழே போகப் போகத் தாமதமாகவும் குறைவாகவும் தெரிய வேண்டும் என்று பாடத்தில் படித்தது அப்படியே கண்முன் நடந்தது. நான் காதலில் விழுந்துவிட்டேன். பத்து மணிக்கு மூடுபனி விலகிக் கிழக்குச் சரிவில் வெயில் விழுகிறது என்று விளக்கம் எழுதி, அதற்கென்று மாடலில் ஒரு தனி உறுப்பையும் சேர்த்தேன். மனதுக்குள் அதற்கு என் பெயரையே சூட்டியிருந்தேன்.

மழை நாளிலும் அந்த ஏற்றம் வந்தது. அதை வாரச் சராசரி போட்டு மூடினேன். வாரச் சராசரி நல்ல கம்பளி, எதைப் போர்த்தினாலும் வெளியே தெரியாது. மேடம் கேட்டதோ தினசரிக் கணக்கு. ஆறு நாள் மேடு, ஏழாம் நாள் சமதரை. மறுபடி ஆறு மேடு, ஒரு சமதரை.

2. கனமான ஒரு சொல்

அளக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? பத்து மணிக்கு அந்த இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். ஆபீஸ் இருக்கும் ஊட்டியிலிருந்து நான் போகும் பஸ் பதினொன்றரைக்குத்தான் எஸ்டேட் போய்ச் சேரும். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் அங்கே பத்து மணியைப் பார்த்ததில்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழ வேண்டுமே! மலைக்குளிரில் அது என்னால் ஆகாது.

அதனால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே எஸ்டேட் மேனேஜருக்கு ஒரு மெயில் அடித்தேன். 'எங்கள் கருவிகளில் யாரோ தலையிடுகிறார்கள். பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கவும்.' நடவடிக்கை என்ற சொல் இல்லாமல் கடிதம் மெலிந்து தெரிந்தது, அதனால் சேர்த்தேன். அவ்வளவுதான் என் யோசனை.

மூன்றாம் நாள் பதில் வந்தது: எடுக்கப்பட்டது.

அடுத்த பதினைந்து நாள் வரைபடம் வழுக்கிக்கொண்டு போனது. மேடு இல்லை, மாடல் கச்சிதமாகப் பொருந்தியது. ஆபீசில் எல்லோருக்கும் வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

3. நின்றபடி டீ

பிறகு லாகரின் பேட்டரி மக்கர் செய்ய, ஆபீஸ் ஜீப்பில் போனேன். அன்றைக்குத்தான் பத்து மணிக்கு அங்கே இருந்தேன்.

வேலிக்குப் புதுப் பூட்டு தொங்கியது. வெளியே தூறலில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு காலைத் தூக்கித் தூக்கி உதறினார்கள்.

"ஏம்மா, உக்காந்து குடிக்கக் கூடாதா?" என்றேன்.

"உக்காந்தா அட்டை ஏறும் சார்," என்றாள் ஒருத்தி. "உங்க வேலிக்குள்ளதான் புல்லு பூண்டு இல்லாம வெறும் மண்ணு. முன்ன அங்கதான் உக்காருவோம். சரோஜாக்கா டீ டிரம்மையும் அங்கதான் எறக்கும். அது ஒண்ணுதான் சமதரை."

புல் பூண்டு இல்லாமல் வைக்கச் சொன்னது எங்கள் விதி. கொதிக்கக் கொதிக்க ஒரு டிரம் டீ என் சென்சார் தலையில் தினமும் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு வேலை இல்லை, டீயும் இல்லை.

"சரோஜாக்கா எங்க?"

"மேல, சரிவுல கொழுந்து எடுக்குது. நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?"

சரோஜாக்கா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். சரிவில் விழுந்து முட்டி போனதால் டீ கொண்டுவரும் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரை வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் அவருடையது.

நான்கு இடத்தில் மூச்சு வாங்கி மேலே ஏறினேன். அவர் ஒரு காலை இழுத்துப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா நடவடிக்கைய கொஞ்சம் கம்மியா எழுதியிருப்பீங்களோ?" கொழுந்து கிள்ளும் கை நிற்கவில்லை. "அந்தப் பெட்டிய நாங்க தொட்டதே இல்லீங்க. மழை வந்தா என் தலையில போட்ட பிளாஸ்டிக்க எடுத்து அதுக்குத்தான் போத்துவேன். மண்ணுக்குக் கீழயும் நீங்க ஆள் வெச்சிருக்கிறத எனக்கு யாரு சொன்னா?"

"மேனேஜர்கிட்டப் பேசுறேன்க்கா."

"பேசுங்க. எழுதாம இருங்க, அது போதும்."

மேனேஜர் எனக்கு டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எழுதினத மேல அனுப்பிட்டேனுங்க சார். இப்ப அது தப்புன்னு சொன்னா எனக்குத்தானுங்க கேள்வி வரும்? டீ வேலைக்கு வேற ஆளும் போட்டாச்சுங்க."

என் தவறு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்தார். வேலிக்குள் உட்கார விடுங்கள், டிரம்மைச் சென்சாரைவிட்டுத் தள்ளி இறக்கட்டும் என்று சொல்லிப் பூட்டை மட்டும் எடுக்க வைக்க முடிந்தது. அடுத்த முறை போனபோது சரோஜாக்காவின் லைன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. முட்டி ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டுத் திருப்பூரில் மகளிடம் போய்விட்டாராம். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

சென்சார் புதைக்குமுன் அந்த இடத்தில் ஒரு வேலை நாள் முழுக்க நில்லுங்கள். யார் உட்காருகிறார்கள், எதை இறக்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கு உதைத்தால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மெயில் பிறகு அடிக்கலாம். பயத்தில் நான் எழுதியது இரண்டே வரி. அதைத் திரும்ப வாங்க ஒரு பக்கம் எழுதியும் போதவில்லை.

மாடல் பாராட்டப்பட்டது. முதல் மூன்று மாத அளவுகளைக் 'கருவிக் கோளாறு' என்று குறித்து அறிக்கையிலிருந்து நீக்கினேன். உண்மையைச் சொல்ல அப்போதும் தைரியம் இல்லை. இப்போது சொல்கிறேன்: கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. பத்து மணிக்கு அந்த மண் நிஜமாகவே சூடாகத்தான் இருந்தது, அதைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.