மிடில் லேடீஸ், ஜன்னல் ஓரம்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் இணையத்தில் வலைப்பதிவு எழுதும் ஒரு பதிவர். இப்போது இதைச் சொன்னால் என் பெண்ணே சிரிக்கிறாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. செம்பாக்கத்தில் வாடகை வீடு, நுங்கம்பாக்கத்தில் கணக்கெழுதும் வேலை, சாயங்காலம் குக்கர் விசில் விடுவதற்குள் இரண்டு பத்தி. எழுதியதை, எல்லார் பதிவையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டியில் இணைத்துவிட்டுப் பின்னூட்டத்துக்காகக் காத்திருப்பேன். "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று தவறாமல் ஒருவர் வருவார். பதிவைப் படித்திருக்க மாட்டார். இருந்தாலும் எனக்கு அன்று சாம்பார் கொஞ்சம் ருசியாக வரும்.

ஒருநாள் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். எங்கே போய்த் தொலைந்தார் என்று விசாரித்தால், எல்லாரும் குட்டிப் பதிவுத் தளங்களுக்குக் குடிபோய்விட்டார்களாம். மூன்று பக்கம் எழுதி முதுகு வலித்தவள் நான். அங்கே ஒரு மனுஷன் "டீ குடிச்சேன்" என்று இரண்டு வார்த்தை போடுகிறான், "இஞ்சி டீயா, மசாலா டீயா" என்று கும்மியடிக்க ஒரு கூட்டம் கூடுகிறது. எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. திட்டிக்கொண்டே எல்லாத் தளத்திலும் நானும் ஒரு கணக்கு தொடங்கினேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. முதலாவது, நூற்று நாற்பது எழுத்துக்குள் சொல்ல வேண்டிய தளம். நம் ஆட்கள் அதில் எழுதுவதற்குக் 'கீச்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பிடிபடாது. இரண்டாவது, புள்ளி கொடுக்கும் தளம். தினமும் ஏதாவது போட்டால் புள்ளி ஏறும், இரண்டு நாள் போடாவிட்டால் இறங்கும். மாமியார் ஊரிலிருந்து வந்த வாரம் என் புள்ளியெல்லாம் இறங்கி, பார்க்கவே மானக்கேடாக இருந்தது. மூன்றாவது, நம் ஊர்க்காரர்களுக்கென்றே செய்த மாதிரி, குறுஞ்செய்திக் குழு. கணினியே வேண்டாம். கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பினால் குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் போய்விடும், பெறுகிறவர்களுக்குக் காசும் கிடையாது. ஒரே தொல்லை, நம் செய்தியின் வாலில் அவர்கள் ஒரு விளம்பரத்தைக் கட்டிவிடுவார்கள். மழையைப் பற்றி உருகி நான் எழுதிய நாலு வரிக் கவிதைக்குக் கீழே, தொப்பை குறைய அழைக்கவும் என்று வந்தது.

இதையெல்லாம் ஒப்பிட்டு, யார் யார் எதற்காக எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நீண்ட பதிவு எழுதினேன். அலுவலகத்தில் தளங்களைப் பூட்டிவிட்டதால் கைப்பேசிக்கு வந்தவர்கள், வெளிநாட்டில் தனியாக இருந்துகொண்டு கிரிக்கெட் பார்க்கும்போது கூடக் கத்த ஆள் தேடுகிறவர்கள், எழுத ஆசை இருந்தும் பொறுமை இல்லாதவர்கள். பதிவின் கடைசியில் என் குறுஞ்செய்திக் குழுவில் சேரும் வழியையும் போட்டேன். குழுவில் ஆட்கள் சேரச் சேர, என் கவிதைக்கு வாசகர்கள் பெருகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் ரயில் சினேகிதி ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளும் பதிவர்தான், சமையல் எழுதுவாள். என்னைவிடச் சின்னவள். நான் தாம்பரத்தில் ஏறுவேன், அவள் குரோம்பேட்டையில் ஏறுவாள், இருவரும் நுங்கம்பாக்கத்தில் இறங்குவோம். ஒருநாள் வண்டி கிண்டியைத் தாண்டும்போது என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நான் முழுகாம இருக்கேன். மூணு மாசம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறார், ஆனால் ரயிலில் நின்றுகொண்டு மட்டும் போகக் கூடாது. அவள் மாமியாரோ, உட்கார இடம் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் தெரிந்தாலும் வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

"வேலைய விட்டுட்டா வீட்ல உக்காந்து நாள் முழுக்க அதையேதான் நெனச்சுட்டிருப்பேன்கா. பைத்தியம் புடிச்சுடும்" என்றாள்.

காலை வண்டியில் குரோம்பேட்டையில் ஏறி உட்கார இடம் பிடிப்பது நடக்கிற காரியமா? தாம்பரத்திலேயே நிரம்பிவிடும். ஆக, அவளுக்கு இடம் போட வேண்டியது என் பொறுப்பு. எனக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு கர்சீப் விரித்துவிடுவேன். இதில் இன்னொரு சிக்கல், வண்டியில் பெண்கள் பெட்டி நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. வண்டி நிற்பது அரை நிமிஷம், அவள் ஓடவும் கூடாது. எந்தப் பெட்டி என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். ஷேர் ஆட்டோ இரைச்சலில் அவளுக்குப் போன் அடிப்பது ஒருநாளும் கேட்காது. செய்தி என்றால் பிளாட்பாரத்துக்கு வந்ததும் பார்த்துக்கொள்வாள்.

அவள் நம்பருக்கு நேராக ஒரு மெசேஜ் அனுப்பினால் போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்பார். அவர் பதிவர் இல்லை.

முதலில் கீச்சுத் தளத்தில் போட்டேன். அப்போது அது கைப்பேசிக்கே வந்துவிடும், அருமையாக ஓடியது. பிறகு ஒருநாள் அந்தத் தளக்காரர்கள் நம் நாட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். புள்ளித் தளத்தைப் பார்க்கக் கணினி வேண்டும், குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் கணினிக்கு எங்கே போவது. கடைசியில் அவளும் சேர்ந்திருந்த குறுஞ்செய்திக் குழுதான் கைகொடுத்தது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, தினமும் அனுப்புவேன்: மிடில் லேடீஸ், ஜன்னல் ஓரம். வண்டி தாமதமானால் அதையும் சேர்த்துக்கொள்வேன். பெயர் போட மாட்டேன், காரணம் சொல்ல மாட்டேன். வளைகாப்பு வரைக்கும் யார் கண்ணும் படக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கர்சீப்புக்கு எதிரி அடுத்த ஸ்டேஷனிலேயே இருந்தாள். தாம்பரம் சானடோரியத்தில் ஏறும் ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும், எழும்பூரில் ஏதோ அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பெட்டி முழுக்க நிரம்பியிருக்க, ஒரு கர்சீப் மட்டும் ஜன்னல் ஓரம் காற்று வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது.

"இன்னாமா, கர்சீப்ப போட்டா சீட்டு ஒன்துதா? ரயில்வேல எய்திக் குடுத்துக்கிறானா?"

"ஆள் வர்றாங்க."

"ஆளு இன்னா, கலெக்டரா? தெனமும் ஒன்னோட பேஜாரா பூடுச்சு."

"கலெக்டர்னே வெச்சுக்குங்க. இடம் கிடையாது."

காரணத்தைச் சொன்னால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். சொல்ல முடியாதே. ஆகையால் வெறும் திமிரை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். எனக்கும் வாய் குறைச்சலில்லை. சானடோரியத்தில் ஆரம்பித்தால் குரோம்பேட்டை வரும்வரை இரண்டு பேரும் விடமாட்டோம். சினேகிதி ஏறி, கர்சீப்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்வாள். சுற்றி நிற்கிறவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எங்கள் இருவரையும் பார்த்தாலே பயம் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மாதங்கள் இப்படியே ஓடின. அவள் தொளதொள சுரிதாருக்கு மாறினாள், துப்பட்டாவை அகலமாகப் போட்டுக்கொண்டாள். யாருக்கும் தெரியவில்லை என்று இருவரும் திருப்தியாக இருந்தோம்.

ஆறாவது மாதத்தில் ஒருநாள், நாங்கள் வழக்கமாகப் போகும் வண்டி ரத்து. அடுத்தது செங்கல்பட்டிலிருந்தே நிரம்பி வந்தது. நடுப் பெட்டியில் காலை வைக்கவே இடமில்லை. கடைசிப் பெட்டிக்கு ஓடி, அடித்துப் பிடித்து இரண்டு இடம் பிடித்தேன். உடனே குழுவில் போட்டேன்: லாஸ்ட் லேடீஸ். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. சானடோரியத்தில் அந்த அம்மாளும் ஏறவில்லை. சண்டை போட ஆளில்லாமல் கர்சீப் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரோம்பேட்டை வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தால், தூரத்தில், நடுப் பெட்டிக்கு முன்னால் அவள் துப்பட்டா கூட்டத்தோடு உள்ளே போகிறது.

அந்தக் கூட்டத்தில் எவளாவது முழங்கையால் இடித்துவிட்டால் என்ன செய்வேன், அவள் மாமியாருக்கு என்ன பதில் சொல்வேன். பல்லாவரத்தில் வண்டி நிற்பதற்குள்ளேயே குதித்து, பிளாட்பாரத்தில் ஓடினேன். நான் பிடித்த இரண்டு இடத்திலும் யார் உட்கார்ந்தார்களோ, தெரியாது. நடுப் பெட்டியின் கம்பியைப் பிடித்து ஏறும்போது வண்டி நகர்ந்துவிட்டது.

உள்ளே புகுந்து பார்த்தால், அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மேல் கம்பியைப் பிடித்தபடி, கூட்டம் அவள் மேல் சாயாமல் முதுகால் தாங்கிக்கொண்டு அந்தச் சானடோரியத்து அம்மாள் நிற்கிறாள்.

"இன்னாமா, இவ்ளோ லேட்டா வர்ற" என்றாள் என்னைப் பார்த்து. "ஒன் ஆளு இங்க குந்திக்கினு கீது."

எனக்கு மூச்சு வாங்கியது. "எப்படிங்க இடம்?"

"சேன்டோரியத்துல ஆஸ்பத்திரி நர்ஸு ஒண்ணு எறங்குச்சு. பட்டுனு கர்சீப்ப போட்டுட்டேன். ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாளுங்கோ. ஆள் வருதுன்ட்டேன்."

"அப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா? இந்தப் பொட்டில யாருக்குமா தெரியாது?"

சினேகிதி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்ற ஒரு இளம்பெண் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, அந்த மிடில் லேடீஸ் மெசேஜ் நீங்கதானே? ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு நாங்க நெறைய பேர் அந்தக் குரூப்ல இருக்கோம். வண்டி லேட்டுன்னு போடறீங்க பாருங்க, ரொம்ப யூஸ்ஃபுல். இவங்களுக்காகத்தான் சீட்டுன்னு அப்பவே புரிஞ்சுது. கவிதைய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கலாம்கா."

பக்கத்தில் இரண்டு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். என் வாசகர்களை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

"தெரிஞ்சும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றேன்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களா வாயத் தொறந்து சொல்லல. நாங்களா போயி கேக்க முடியுமா? வயித்துல கீற புள்ளைய பத்தி பொட்டியே பேசுனா நல்லாவா கீது."

"சரிங்க. தெரிஞ்சுக்கிட்டு ஏன் தினமும் என்கூட அந்தச் சண்டை போட்டீங்க?"

"மொத நாலஞ்சு நாளு நெசமாத்தான் கத்துனேன். கடுப்பா இருந்துச்சு. அப்பால புரிஞ்சுது. நாம ரெண்டு பேரும் கத்திகினு இருந்தா, நடுவுல வந்து எவ குந்துவா?"

கிண்டி வந்தபோது என் கைப்பேசி சிணுங்கியது. லாஸ்ட் லேடீஸ் என்று நான் அனுப்பிய செய்தி, விளம்பரத்தோடு அப்போதுதான் எனக்கே வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு சினேகிதி ஒருநாளும் நின்றுகொண்டு வரவில்லை. வளைகாப்புக்குப் பெட்டியிலிருந்து ஒரு பட்டாளமே போய் வளையல் அடுக்கியது. விடுப்பு எடுக்க ஒரு வாரம் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்ததும், முதல் செய்தி எனக்குத்தான் வந்தது. குழுவில் போட்டேன்: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். சீட்டுச் செய்திகளை விட்டுவிட்டால், என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்னப் பதிவு அதுதான்.

மறுநாள் காலை கர்சீப் போடவில்லை. பழக்க தோஷமோ என்னவோ, என் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் யாரும் உட்காராமல் போய்க்கொண்டிருந்தார்கள். சானடோரியத்தில் அந்த அம்மாள் ஏறினாள். காலி இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றேன்.

அத்தனை மாதத்தில் முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்.

"எனக்கும் வயித்துல ஒண்ணு இருந்துச்சுமா" என்றாள். "இதே வண்டிதான். நின்னுகினே போயி நின்னுகினே வருவேன். யாரும் கர்சீப்பு போடல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குரோம்பேட்டை வந்து போனது. பிறகு, குழந்தை எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டாள்.