ஏஜென்ட் பொம்மையின் முகம்

நெல்லிவாசல்நாட்டில் ஒரு பள்ளிக்கூடம். ஜன்னல்களைப் போர்வையால் மூடி, ஊர்ப் பெண்கள் தாங்களே பொம்மை செய்து எடுத்த குறும்படத்தை முதன்முதலாகத் திரையிடுகிறார்கள். என்னை மலைமேல் கூட்டிவந்த ஜீப்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போய் வீடு திரும்பாத ஒருவனின் கதை. லுங்கித் துணியில் உடம்பு, ஆட்டு முடியில் மீசை. ஆள் பிடிக்க வரும் ஏஜென்ட் பொம்மைக்கு மட்டும் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெறும் வெள்ளைத் துணி. அது திரையில் வரும்போதெல்லாம் கூட்டம் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. வெளியூர்க்காரன் என்று சந்தேகப்படுகிறார்கள் போல.

படம் முடிந்து, பொம்மைகளைக் கூடையில் அடுக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"இதுக்கு மட்டும் ஏங்க மூஞ்சி வெக்கல?"

"நீங்க இன்னா, போலீஸா?"

"இல்லீங்க, சும்மா ஊர் பாக்க வந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"வெச்சா யாருன்னு தெரிஞ்சிடும்ங்க. அந்தாளும் இங்கதான் ஒக்காந்து படம் பாத்தான்."

"யாருங்க?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். கூடையை அவசரமாக மூடுகிறார்.

"போலாமா சார்?" என்கிறார் ஜீப்காரர். "இருட்டறதுக்குள்ள எறங்கிடலாம்."