பேச்சித்தாயின் அடுப்படித் தரை

அந்தோணியின் கையிலிருந்த கடப்பாரை தரைக்குள் போய்விட்டது. குத்தி நிற்கவில்லை, வளையவில்லை. முழுக் கடப்பாரையும் கண்முன்னே காணாமல் போனது. கொஞ்சம் பொறுத்துத்தான் எங்கோ அடியிலிருந்து 'டங்' என்று சத்தம் வந்தது.

மாடுலர் கிச்சன் வேலைக்கு இந்த ஊரில் நாங்கள் இறங்கிய நாளிலிருந்து எத்தனையோ அடுப்படிகளை அளந்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் அளவு எடுக்கப் பழக வரும்போது, டேப்பைக் கையில் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுவேன்.

1. அளவு எடுக்கப் போனது

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டை ஒட்டி உள்ளே போகும் ஒரு தெருவில் மாரிமுத்து வீடு. கடலைமிட்டாய் வாங்கி வெளியூர்க் கடைகளுக்குப் போடுகிற ஏஜென்சி வைத்திருந்தார். மனைவி பேச்சித்தாய். இரண்டு பேருமே என்னைவிட இளையவர்கள். அடுப்படியைப் புதிதாக்க வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தபோது, போனில் சேர்த்துவைத்திருந்த படங்களைப் பேச்சி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். இழுத்தால் வரும் டிராயர், புகைக்குச் சிம்னி, அலமாரிக் கதவுகளுக்கு இளம்பச்சை ஷட்டர்.

எங்கள் முதலாளி சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "கலர் பொறவு பேசலாம் தாயி. இவியளை அனுப்புதேன், முதல்ல அளவு எடுக்கட்டும்."

மறுநாள் காலை கொத்தனார் அந்தோணியையும் கூட்டிக்கொண்டு போனேன். சாரத்துக்கான பலகைகளும் இரும்பு ஏணியும் அவருடைய லோடு ஆட்டோவிலேயே எப்போதும் கிடக்கும்.

நீளமான அடுப்படி அது. வாசலுக்கு நேரெதிரே, கடைசிச் சுவரை ஒட்டிச் சமையல் மேடை. அதற்குமேல் கம்பி போட்ட ஜன்னல். வலப்பக்கச் சுவரோரம் கிரைண்டர். நடுத்தரையில் டைல்ஸ் வெடித்துக் கிடந்தது.

"இத ரெண்டு தடவ மாத்தியாச்சு அக்கா" என்றாள் பேச்சி. "கோடையில வெடிக்கும். மழை பெஞ்சா சேந்துக்கிடும். நீங்க ஏதாச்சும் நல்ல டைல்ஸா போட்டுத் தாங்க."

கரிசல் மண்ணில் கட்டிய வீட்டில் இது புதிதில்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும் மண். ஆனால் விரிசல் சுவரில் ஏறாமல் நடுவில் வட்டமாக ஓடியிருந்தது. ஒரு டைல்ஸைப் பெயர்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். பேச்சி எங்களுக்கு டீ போட மேடைக்குப் போனாள். நான் வாசல்படியில் நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி டைல்ஸைக் கிளப்பிவிட்டு, கீழிருந்த காங்கிரீட்டில் கடப்பாரையைப் போட்டார். இரண்டாவது போடில்தான் அது போனது.

2. நடுவில் கிணறு

அந்தோணி மல்லாக்க விழுந்து, கையை ஊன்றி வாசல் பக்கம் நகர்ந்து வந்தார். ஓட்டையின் ஓரத்திலிருந்து இன்னொரு துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்தது. உள்ளே இருட்டு.

"அக்கா, கீழ ஒண்ணுமே இல்ல" என்றார்.

பேச்சி அந்தப் பக்கம் மேடையருகே டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் அது.

"என்ன சத்தம் அக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

"நில்லு! அங்கனயே நில்லு!" நான் அப்படி யாரிடமும் கத்தியதில்லை. "அடுப்ப அணை. சிலிண்டர மூடு. மேடைமேல ஏறி உக்காரு."

அவள் எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. அந்த மேடையைத் தாங்கும் செங்கல் கால்கள் எதன்மேல் நிற்கின்றன? சற்றுமுன்தான் மேடையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்திருந்தேன். கால்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாரிமுத்து, ஓட்டையைப் பார்த்ததும் "பேச்சி!" என்று உள்ளே பாய்ந்தார். அந்தோணி அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தார். "அண்ணாச்சி, நீங்க காலு வச்சா எல்லாம் போயிரும். வாங்க, ஏணிய எடுப்போம்."

ஜன்னல் கம்பியை அறுக்க ஆள் வரும்வரை தரை பொறுக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. இரும்பு ஏணியை இடப்பக்கச் சுவரோரமாக நீட்டினோம். ஒரு முனை வாசல்படியில், மறுமுனை மேடை விளிம்பில். நடுவில் தரையைத் தொடவில்லை. அதன்மேல் பலகைகளைத் தள்ளிவிட்டோம். மாரிமுத்துவும் அந்தோணியும் இந்த முனையில் ஏறி அழுத்தி உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னால ஏலாதுக்கா" என்றாள் பேச்சி. அவளுக்கு இப்போது ஓட்டை தெரிந்துவிட்டது.

"கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாரு. தவந்து வா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிபோட்டு வந்தாள். பாதியில் பலகை 'கிரீச்' என்றது, கண்ணை மூடிக்கொண்டாள். கைக்கு எட்டியதும் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கூடத்தில் விழுந்தோம்.

நாங்கள் எழுந்து நிற்பதற்குள் கிரைண்டர் மெல்லச் சாய்ந்தது. பிறகு தரையோடு சேர்ந்து உள்ளே போனது. அந்தச் சத்தத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

3. தூர்த்த கிணறு

மாரிமுத்துவின் அண்ணன் புதூர்ப் பக்கம் ஆடு வைத்திருக்கிறார். தம்பி போன் போட்டு, அடுப்படிக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டதும், ஸ்பீக்கரில் அவர் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஏல, அந்த வறட்டுக் கிணறா? ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்னு அப்பா தோண்டுனாவ. தண்ணி வரலன்னு மண்ணு போட்டுத் தூத்துட்டாவல்லா! பொறவுதான வீடு கட்டுனாவ. அதுக்கு என்ன இப்ப?"

அப்பா உயிரோடு இல்லை. மாரிமுத்து அந்த நாளில் திருப்பூரில் வேலைக்கு இருந்தவர். யாரும் எதையும் மறைக்கவில்லை. கிணற்றை மூடினார்கள், ஆனால் தோண்டிக் குவித்திருந்த கரிசல் மண்ணையே அள்ளிப் போட்டு மூடினார்கள். அது ஒவ்வொரு மழைக்கும் உப்பி, ஒவ்வொரு கோடைக்கும் சுருங்கி, உள்ளுக்குள்ளேயே இறங்கிக்கொண்டு போயிருக்கிறது. மேலே போட்ட காங்கிரீட் மட்டும் மூடிபோல நின்றிருக்கிறது.

பேச்சிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னாள். "எம் புள்ள இந்த அடுப்படியிலதான் தவந்தான். பாயப் போட்டுப் படுக்க வச்சிட்டுச் சோறாக்குவேன். அந்த எடத்துலதான் பாயி போடுவேன்."

மாரிமுத்து தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றார். அன்றைக்கு அந்த வீட்டில் யாராலும் உட்கார முடியவில்லை.

முதலாளி ஏற்பாட்டில் வந்த என்ஜினியர், அந்த அறையையே இடிக்கச் சொன்னார். கிணற்றைச் சரளையும் கல்லும் போட்டு அடுக்கடுக்காக இறுக்கி மூடினார்கள். அதன்மேல் எதுவும் கட்டவில்லை. வீட்டின் மறுபக்கம் புது அடுப்படியின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். பேச்சி தினமும் வந்து குழியருகே நின்றாள். கரிசல் முடிந்து, கெட்டியான வெள்ளைச் சுக்கான் பாறை தெரிந்ததும், போதும் என்றார் அந்தோணி.

"இன்னும் கொஞ்சம் தோண்டச் சொல்லுங்கக்கா" என்றாள் பேச்சி.

தேவையில்லைதான். இருந்தாலும் தோண்டச் சொன்னேன். டிராயர், சிம்னி, ஷட்டர் கலர் பற்றி அவள் அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் நானாகப் பார்த்து வைத்ததுதான்.

பால் காய்ச்சும் நாளில் பானையோடு வந்தவள், புது அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். மாரிமுத்து உள்ளே போய்க் காலால் தட்டிக்கூடக் காட்டினார். அவள் அசையவில்லை.

"நீங்க போங்கக்கா. நீங்க நின்னா நான் வாரேன்."

போனேன். அஸ்திவாரம் போடுவதைக் கூடவே நின்று பார்த்தவள் நான். ஆனாலும் அந்த முதல் அடியை வைக்கும்போது என் கால் கூசியது. அடுப்புப் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், வீடு கட்டுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று முதலில் கேட்கிறேன். அந்த வீட்டு மூத்தவர்களுக்குப் போன் போடச் சொல்கிறேன். தரை முழுக்கத் தட்டிப் பார்த்த பிறகுதான் டேப்பை எடுக்கிறேன். அடுப்படியின் பிளான் போடும்போது மேடை, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் வரைகிறோம். நடுவில் தரையை மட்டும் வெறும் தாளாக விட்டுவிடுகிறோம். அந்த வீட்டுப் பெண் நாளெல்லாம் நிற்கப்போவது அந்த வெறும் இடத்தில்தான்.