நாணல்தீவு நரியின் காது

பிச்சமுத்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் வீட்டுப் பால்காரர் மாற வேண்டியதாயிற்று. பழைய பால்காரர் மீது குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. இத்தனை காலம் பிச்சமுத்து டூட்டிக்குக் கிளம்பிப் போன பிறகு வந்து ஊற்றிக்கொண்டிருந்தவர், இப்போது அவர் கண்ணெதிரே ஊற்றும்படி ஆகிவிட்டது; அவருடைய கை நடுங்கியது. குற்றம் உள்ள கைதான் நடுங்கும் என்றார் பிச்சமுத்து. அந்த மனிதருக்கு எழுபது வயது, யாரைப் பார்த்தாலும் கை நடுங்கும் என்று அவர் மனைவி ரெங்கம்மாள் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. பால்காரரே வெறுத்துப் போய் நின்றுவிட்டார். அவர் நின்றதையும் பிச்சமுத்து ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராகப் பணி முடித்தவர் அவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முசிறி வரைக்கும் எந்த நிறுத்தத்தில் வேண்டுமானாலும் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து தோன்றி பஸ்ஸை மறிப்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மணப்பாறை முறுக்கை மணப்பாறைக்கே போய்த்தான் வாங்குவார். ஸ்ரீரங்கத்தில் அந்தப் பெயரில் விற்பதை அவர் முறுக்கு என்றே ஒப்புக்கொள்வதில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, சொன்ன லென்ஸைத்தான் வைத்தார்களா என்று டாக்டரிடமே கேட்டார். புது லென்ஸால் டாக்டரை நன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார் என்பதுதான் விசேஷம்.

இவ்வளவு பேரைச் சந்தேகித்த மனிதருக்கு ஐம்பது வருஷமாக ஒரே நண்பர் இருந்தார். அவர் யாரையுமே சந்தேகிக்கத் தெரியாதவர். செல்லக்கண்ணுவுக்கு ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம். தார் ஏற்றிப் போகிற வியாபாரி சொல்கிற எடையைக் கேட்டுத் தலையாட்டுகிற ஆள். ஞாயிறுதோறும் காலையில் மொபெட்டில் அம்மா மண்டபத்துக்கு வந்துவிடுவார். இருவரும் டீ குடித்துவிட்டுக் காவிரிக் கரையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சண்டை எப்போதும் ஒரு நரியைப் பற்றியது.

அந்த நரி பிறந்தது ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில். ‘நாணல்தீவு’ என்று ஒரு தொடர்கதை, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று நாலு கதைகளாக வந்தது. ஆற்று நடுவில் ஒரு தீவு. அதை ஆளும் மீசைக்காரர் என்கிற நீர்நாய். எதிர்க்கரை மடுவில் முதலைக் கூட்டம். கோபம் வந்தால் வாய்விட்டுப் பேசும் ஆறு. அப்போது இருவர் வீடும் அம்மா மண்டபம் ரோட்டில் அடுத்தடுத்து இருந்தன. ஒரு வாரம் இந்த வீட்டில் பத்திரிகை வாங்குவார்கள், மறுவாரம் அந்த வீட்டில். இதழ் பழசானதும் தொடர்கதைத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கதையும் முடிந்த பிறகு இரண்டு வீட்டுத் தாள்களையும் ஒன்றாக அடுக்கிப் பைண்டு செய்ய வேண்டியது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்படியே நாலு பைண்டு சேர்ந்தது. வாராவாரம் பெரியவர்கள்தான் படித்தார்கள்; சின்னப் பையன்களாக இருந்த இவர்கள் இருவர் கைக்கும் கதை வந்தது பைண்டு ஆன பிறகுதான்.

சேர்ந்த பிறகு அது யாருடைய புத்தகம் என்ற கேள்வி எழுந்தது. வருஷத்துக்கு ஒரு வீடு என்று தீர்ப்பாயிற்று. ஆடிப் பதினெட்டன்று இரண்டு குடும்பமும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வரும்போது நாலு பைண்டும் போட்ட பை கைமாறும். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வேலைக்கென்று ஊரை விட்டுப் போன பிறகும் அந்தப் பை மட்டும் தவறாமல் கைமாறியது. இதைப் பற்றி வெளியாட்கள் யாரிடமும் இருவரும் வாய் திறந்ததில்லை. ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் நீர்நாய் கதைக்காக வருஷம் பூராவும் காத்திருக்கிறார் என்று டிப்போவில் தெரிந்தால் என்ன ஆகும்?

இனி நரி. அதற்குப் பெயர் செவ்வாலன். மூன்றாவது பைண்டில் முதலைகள் கரையை உடைத்துத் தீவுக்குள் வெள்ளத்தை விடுகின்றன. அன்று காவலில் இருந்தது செவ்வாலன். வெள்ளத்தோடு நடந்த சண்டையில் அதன் இடது காது போய்விடுகிறது. அடுத்து வருகிற தாளில் அதே செவ்வாலன் முதலைகளோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறது. கடைசியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தீவை விட்டுப் போய்விடுகிறது. ஏன் போனது என்று எழுதியவர் சொல்லவில்லை.

இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது பிச்சமுத்துவின் கட்சி. கரையை உடைத்தவர்களோடு அடுத்த வாரமே விருந்து சாப்பிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? செவ்வாலன் துரோகி. சிரித்துப் பேசுகிறவனை நம்பாதே என்று அவருக்குப் பத்து வயதில் புரிந்தது. அதை வைத்தே முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தார். பஸ்ஸில் ஏறியதும் யார் அவரைப் பார்த்துப் புன்னகைக்கிறார்களோ அவர்களிடம்தான் முதலில் போவார். செல்லக்கண்ணுவின் கட்சி, செவ்வாலன் நல்லவன். ஆதாரம் கேட்டால் ஒன்றும் கிடையாது. அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்பார். ஐம்பது வருஷமாக அதே பதில்.

ஓய்வு பெற்றதும் பிச்சமுத்துவுக்குப் பகல் நீண்டுவிட்டது. ஆடி பிறந்திருந்தது, பை இந்த வருஷம் அவர் வீட்டு பீரோவில் இருந்தது, இன்னும் சில நாளில் அது ஜீயபுரம் போய்விடும். அதற்குள் நாலையும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். புதுக் கண் வேறு. மூன்றாவது பைண்டின் விருந்துத் தாளுக்கு வந்தபோது, படத்தில் செவ்வாலனுக்கு இரண்டு காதும் இருந்தன.

அவர் முந்தைய தாளைத் திருப்பினார். காது போய்விட்டிருந்தது. ரத்தம்கூட வரைந்திருந்தார்கள். அடுத்த தாளைத் திருப்பினார். காது முளைத்து நின்றது.

சாதாரண ஆள் என்றால் படம் வரைந்தவர் மறந்துவிட்டார் என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். பிச்சமுத்து பீரோக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பத்திரிகையில் அத்தியாயத்துக்கு எண் போடுவதில்லை. அடியில் தேதி இருந்திருக்கும். பைண்டிங்கில் ஓரம் வெட்டும்போது அது போய்விட்டது. ஆகவே இந்தத் தாள் வெள்ளத்துக்கு முன்னால் இருக்க வேண்டியது. முதலைகள் சமாதானம் பேசத் தீவுக்கு விருந்தாளியாக வந்த சமயத்தில் நடந்த விருந்து இது. அப்படியானால் மீசைக்காரர் உட்பட எல்லோரும்தான் முதலையோடு சாப்பிட்டிருக்கிறார்கள். செவ்வாலன் மேல் கேஸே இல்லை.

ஐம்பது வருஷம் தப்பாகப் பேசியிருக்கிறோமே என்று அவருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. பைண்டின் முதுகில் புதுத் துணி. போன ஆடிப் பதினெட்டுக்கு வாங்கும்போதே கண்ணில் பட்டதுதான். கரையான் அரித்துவிட்டது, மலைக்கோட்டை பக்கம் கொடுத்துத் தைத்தேன் என்று செல்லக்கண்ணு அப்போது சொல்லியிருந்தார். டூட்டி அவசரத்தில் பிச்சமுத்துவும் கேட்டுக்கொண்டார். இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்தியது. பிரித்துத் தைக்கிற சாக்கில் ஒரு தாளை இடம் மாற்றிவிட்டான். வாதத்தில் ஜெயிக்க முடியாதவன் புத்தகத்தையே மாற்றிவிட்டான். யார் மேலும் சந்தேகப்படாதவன் என்று பெயர் வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் தன் மேல் சந்தேகப்படாதபடி செய்துகொண்டிருக்கிறான்.

இது நிஜமென்றால் இந்த ஆடிப் பதினெட்டுக்குப் பை போகாது என்று முடிவெடுத்தார். பை போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. செல்லக்கண்ணு இல்லாவிட்டால் அவருக்கு இந்த ஊரில் நின்று பேச வேறு ஆள் இல்லை. மற்றவர்கள் அவரைக் கண்டால் தம்மையறியாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.

ரெங்கம்மாளிடம் சொன்னார். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அது நரிங்க” என்றாள்.

“நரின்னா?”

“அதுக்குக் காது இருந்தா என்ன, போனா என்ன. செல்லக்கண்ணு அண்ணனைப் போயி சந்தேகப்படறீங்களே. உங்க கண்ணு ஆபரேசன் அப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்தது யாரு?”

அதைத்தான் அவரும் யோசித்தார். எதற்காக அப்படிக் கிடந்தான்?

மறுநாள் மூன்றாவது பைண்டை மட்டும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். என்.எஸ்.பி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். துணிக்கடை வாசல்களை எல்லாம் இடித்துப் பிடித்துத் தாண்டி, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் மன்சூரின் பைண்டிங் கடையைக் கண்டுபிடித்தார். தெரிந்தவர் ஒருவருக்காக விசாரிக்கிறேன் என்று ஆரம்பித்தார். மன்சூர் பைண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஜீயபுரத்துக்காரர் கொடுத்ததுதானே என்றார். ஒரு வருஷம் கழித்தும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று பிச்சமுத்து உடனே பிடித்துக்கொண்டார்.

“மறக்கற ஆளா சார் அவரு” என்றார் மன்சூர். “காலையில வந்து, இந்த ஒரு தாளு எடம் மாறியிருக்கு பாய், எடுத்து முன்னாடி வச்சுத் தைங்கன்னாரு. சாயங்காலம் வேலை மெனக்கெட்டு ஜீயபுரத்துலேருந்து திரும்பி வந்தாரு. வேணாம் பாய், இருந்த மாதிரியே தைச்சிருங்கன்னாரு. அப்படியே தைச்சுட்டேன்.”

“மாத்தவே இல்லையா?”

“எடுத்து வச்சதைத் திரும்ப அதே எடத்துல வச்சேன். ஏன், தப்பாயிருச்சா?”

தப்பில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். தாள் ஐம்பது வருஷமாகவே இடம் மாறித்தான் இருந்திருக்கிறது. இரண்டு வீட்டுத் தாளையும் சீட்டுக்கட்டு மாதிரி சேர்த்தபோது மாறியிருக்க வேண்டும். சேர்த்தது யார் என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் அன்றே ஒத்த கருத்து இருந்ததில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டிய இடம் இது. பிச்சமுத்துவுக்கு முன்னைவிட மோசமாயிற்று. தப்பை மறைப்பவனை அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் பூராவும் அவர்களோடுதான் பழகினார். தன் பக்கத்து நியாயத்தை மறைப்பவனை அவர் பார்த்ததில்லை. கையில் சாட்சி கிடைத்தும் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ‘மூஞ்சியைப் பார்த்தா தெரியலையா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் மனசில் என்ன வைத்திருக்கிறான்?

ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் தண்ணீர் நிறையவே வந்திருந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடமில்லை. பெண்கள் வாழையிலையில் பழமும் கருகமணியும் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். ரெங்கம்மாளும் செல்லக்கண்ணுவின் மனைவி விஜயராணியும் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள். ஆண்கள் இருவரும் மேல்படியில் சாப்பாட்டுக் கூடைகளுக்குக் காவலாக உட்கார்ந்தார்கள். பை பிச்சமுத்துவின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தாளு மாறியிருக்கறது உனக்குத் தெரியும்” என்றார்.

செல்லக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியும்.”

“எப்பத்துலேருந்து?”

“கரையானைத் தட்டறப்ப பாத்தேன். ரெண்டு காதும் இருந்துச்சு.”

“பின்ன ஏன்டா சொல்லல?”

“கடையில குடுத்துட்டு வீட்டுக்குப் போனேன். உன்கிட்ட காட்டினா மூஞ்சி எப்படிப் போகும்னு நெனைச்சுச் சிரிச்சுக்கிட்டே போனேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். நீ நரியை விட்டுருவே. விட்டுட்டு சும்மா இருப்பியா? உனக்கு ஒரு ஆளு வேணும்டா. நரி போயிட்டா பக்கத்துல நான்தான் இருக்கேன்.”

பிச்சமுத்து மறுத்திருக்கலாம். மறுக்க வார்த்தைகளும் தயாராகத்தான் இருந்தன. ஆனால் எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்கவே பழகிய மனிதருக்கு, தானே பொய் சொல்லப் போகும்போது சரியாக வரவில்லை.

“நாலு நாளா நீதான்” என்றார்.

“பைண்டிங் கடைக்குப் போனியா?”

“போனேன்.”

“மன்சூர் பாய்கிட்ட என்னன்னு சொல்லி விசாரிச்சே?”

“தெரிஞ்சவர் ஒருத்தருக்காகன்னு.”

செல்லக்கண்ணு சிரிப்பார் என்று பிச்சமுத்து எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. டிக்கெட் எடுக்காதவன் கெஞ்சுவான். எடுத்தவனுக்குத்தான் கோபம் வரும். அந்தக் கோபத்தை எத்தனையோ பஸ்ஸில் பார்த்தவர்தான் பிச்சமுத்து. இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மடியிலிருந்த பையை எடுத்து நீட்டினார். அது வாங்கப்படாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அந்த வயதில் கையை நீட்டிக்கொண்டே இருப்பது சுலபமில்லை. லேசாக நடுங்கத் தொடங்கியது.

கடைசியில் செல்லக்கண்ணு வாங்கிக்கொண்டார். வழக்கமாக வாங்கிய கையோடு மொபெட்டில் மாட்டிவிடுவார். இன்று படியிலேயே வைத்துப் பிரித்தார். நாலு பைண்டையும் ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலில் எச்சில் தொட்டுத் தாள் தாளாகப் புரட்டினார். மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைக்கூடப் பார்த்தார்.

பிச்சமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷத்தில் என்றைக்காவது ஒரு தாளை எடுத்திருப்பேனா, என்னையா சோதிக்கிறான் என்று நினைத்தார். எழுந்து போய்விடலாமா என்றும் தோன்றியது. போகவில்லை. குனிந்து, அவர் புரட்டுகிற பக்கத்தையே தானும் பார்த்தார்.

“நாலாவதுல ஆரம்பத்துத் தாளு கொஞ்சம் நைஞ்சிருக்கு” என்றார். “இப்பவே பாத்துக்க. அப்பறம் வந்து என்னைச் சொல்லாதே.”

செல்லக்கண்ணு நாலாவதை எடுத்து அந்தத் தாளைத் தேடினார்.