என் திருத்தத்துக்கு எதிராக என் ஓட்டு

துறைமுகத்துக்குள் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் மென்பொருள் எங்களுடையது. ஓட்டுநர் வண்டியில் இருந்தபடியே கன்டெய்னர் கதவில் போட்ட முத்திரையையும் சீட்டையும் போனில் படம் எடுத்து அனுப்புவார். அந்தப் படங்களை வாங்கிக்கொள்வது ஜாவாவில் எழுதிய ஒரு வெப் சர்வர். அது நாங்கள் எழுதியதல்ல. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்குப் பொதுவாக விடப்பட்டது. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்; பழைய புத்தகம் ஒன்றை வைத்து ஜாவா பிடித்தேன். 'கரையில நின்னு வழி கேட்டா நீச்சல் வராது' என்று எடைமேடைக்கு வரும் ஐஸ் வண்டிக்காரர் சொல்வார். அந்த தைரியம்தான்.

துறைமுகத்துக்குப் போகும் உப்பளச் சாலையில் சிக்னல் மோசம். படம் சொட்டுச் சொட்டாக வரும். சர்வருக்கு இருநூறு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; சொட்டுகிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கை மாட்டிக்கொள்ளும். எல்லாக் கையும் மாட்டினால் புதிதாக வருகிறவருக்குக் கதவு திறக்காது. அதற்கு நான் ஒரு திருத்தம் எழுதினேன்: பத்து நொடிக்குள் இவ்வளவாவது வராவிட்டால் தொடர்பை வெட்டிவிடு.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் மூலைக்கு ஒருவராக இருக்கிறார்கள். பேச்செல்லாம் மெயிலில்தான், எல்லோருக்கும் தெரியும்படி. மூன்று வாரம் என் திருத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பெண்மணி மட்டும் மறுத்தார். அந்தக் குழுவில் எனக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறவர். மெதுவாக வருகிறவரெல்லாம் வம்பு செய்ய வருகிறவர் இல்லையே, நிஜமான போன்களில் அளந்து பார்த்தீர்களா என்று கேட்டார். நான் அலுவலகத்தில் சோதித்து எடுத்த வரைபடங்களை அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் ஊரில் சிக்னல் நன்றாக இருக்கும்போல, பசி தெரியாதவருக்குச் சோற்றின் அருமை எங்கே தெரியும் என்றும் எழுதினேன். அவர் அதன் பிறகு எழுதவில்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். திருத்தம் உள்ளே போனது. யாரும் செட்டிங்கை மாற்றாவிட்டால் எல்லா ஊரிலும் அதுதான் நடக்கும் என்கிற நிலையில் போனது.

புது வெர்ஷன் வெளியே போகுமுன் அங்கே ஓட்டு நடக்கும். மூன்று நாள். சரி என்றால் கூட்டல் ஒன்று, வேண்டாம் என்றால் கழித்தல் ஒன்று. ஒரே ஒரு கழித்தல் வெளியீட்டை நிறுத்திவிடாது. ஆனால் அதோடு எழுதும் காரணம் நிறுத்தும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஓட்டு முடிகிறது. மதியத்துக்குள் ஆறு கூட்டல் விழுந்திருந்தன, என்னுடையதும் சேர்த்து. வெளியீட்டுக் குறிப்பில் முதல் தடவையாக என் பெயர் இருந்தது. எங்கள் முதலாளி நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பார்க்கிறவரிடமெல்லாம் அதை அவர் சொல்லியாகிவிட்டது.

இரண்டு மணிக்கு போன் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் புன்னைக்காயல்காரி, உப்பளச் சாலையில் லாரி வரிசைப் பக்கத்தில் நின்று பேசினாள். எங்கள் சர்வரில் ஏற்றியிருந்த புது வெர்ஷனை நிஜமான போனில் பார்த்துவிடுகிறேன் என்று அவளாகத்தான் போயிருந்தாள்.

"அண்ணாச்சி, உடன்குடிக்காரர் ஒருத்தர் மூணு தடவ அனுப்பிட்டாரு. மூணு தடவையும் முக்காவாசி போனதும் வெட்டுது."

"சிக்னல் போயிருக்கும் தாயி."

"சிக்னல் போகல. நம்மதான் வெட்டுதோம். சர்வர் எழுதுத லாக்குல இருக்கு, பாருங்க."

பார்த்தேன். அலுவலகத்தில் நான் சோதித்தபோது வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகச் சொட்ட விட்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் அப்படிச் சொட்டும். அந்தச் சாலையில் சிக்னல் இருபது நொடி ஒன்றுமே தராது, பிறகு ஒரேயடியாகக் கொட்டும். என் திருத்தம் அந்த இருபது நொடியைப் பார்த்து வெட்டியது. போன் முதலிலிருந்து மறுபடி அனுப்பியது; மறுபடி ஒரு கை மாட்டியது. பழைய வெர்ஷனில் நாலு நிமிடத்தில் போயிருக்க வேண்டிய படம் அரை மணி நேரமாகப் போகவில்லை.

பின்னால் அந்த ஓட்டுநரின் குரல் கேட்டது. "வரிசையில நிக்க வச்சா மனுசன் வைவான். வரிசைய விட்டுத் தள்ளுனா மறக்கவே மாட்டான். உங்க ஆபீஸ்ல சொல்லுங்கம்மா."

முதலாளியிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம செட்டிங்க மட்டும் மாத்திக்கிட முடியாதா வே?"

"முடியும்."

"பெறவு என்ன? ஊருல உள்ளவனுக்கெல்லாம் நீராவே காவல்? வெளிய வரட்டும். எவனாவது சொன்னாம்னா அடுத்ததுல திருத்திக்கிடலாம்."

அவர் சொன்னது எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். மூன்றரை மணி வரை வேறு ஏதோ வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். உப்பளச் சாலை மாதிரி சாலை எத்தனை ஊரில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் பயமாக இருந்தது. புன்னைக்காயல்காரி வெயிலில் கறுத்த முகத்தோடு உள்ளே வந்தாள். என் திரையைப் பார்த்தாள்.

"இன்னும் எழுதலையா?"

"எழுதணும்."

"நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன் அண்ணாச்சி. எழுதினா, எப்பக் கண்டுபிடிச்சேன்னும் போடணும். ரெண்டு மணின்னு போடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை, நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

என் கூட்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டு கழித்தல் ஒன்று என்று போட்டேன். காரணம் எழுதினேன்: திருத்தம் என்னுடையது, சோதனை தவறு, லாக் இணைத்திருக்கிறேன், மறுத்தவர் சொன்னது சரி, அவரிடம் நான் பேசிய விதம் சரியில்லை. அனுப்பும்போது பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பதிலும் இல்லை. நாலு மணி தாண்டியும் இல்லை. தாமதமாகிவிட்டதோ, வெளியே போய்விட்டதோ என்று பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வெளியீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டே வரி எழுதினார். ஓட்டு ரத்து, அந்தத் திருத்தம் இல்லாமல் திங்கட்கிழமை புதிய ஓட்டு. நன்றி, வருத்தம், ஒன்றும் இல்லை.

அதற்கடுத்து அந்தப் பெண்மணியின் மெயில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தேன். வசவு இல்லை, நான் பேசியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது: உங்கள் சாலையில் ஒன்றுமே வராத இடைவெளி அதிகபட்சம் எத்தனை நொடி?

விரல்கள் வழக்கம்போல நீளமாக எழுதத் தொடங்கின. அழித்தேன். எனக்குத் தெரியாது, அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். அந்தக் குழுவுக்கு நான் எழுதியதிலேயே சின்ன மெயில் அதுதான்.