முதல் வரியில் ஆயாம்மா

என் மகள் நர்சிங் முடித்து, புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். மஸ்கட்டில் ஆள் எடுப்பதாகத் தெரிந்து ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதினாள். மாலை ஐந்து மணிக்குள் மெயில் போக வேண்டும். கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை என்னிடம் நீட்டியபோது மணி மூன்று.

ஆங்கிலப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் செய்தி திருத்தியவன் நான். ஆள் பெயர், ஊர்ப் பெயர், வாக்கியத்தின் முதல் சொல், இவற்றுக்குத்தான் பெரிய எழுத்து. பெயர் சொல்லாமல் வெறுமனே கலெக்டர் என்று வந்தால் அவருக்கும் சின்ன எழுத்துதான். மகளின் கடிதத்திலோ டாக்டர், நோயாளி, வார்டு, ஆயாம்மா எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. எங்கள் பக்கத்து ஆங்கில மனுக்களில் இது வழக்கம். தமிழில் மரியாதைக்கு 'ங்க' போடுகிற இடத்தில் அங்கே பெரிய எழுத்து.

சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சின்ன எழுத்தாக்கினேன். டாக்டர் வரைக்கும் பொறுத்தாள். ஆயாம்மாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்கள மட்டும் விட்ருங்கப்பா.”

“படிக்கிறவன் ஒனக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு நெனப்பான் ஆத்தா.”

“படுத்த படுக்கையா இருக்கவங்கள வலிக்காமப் பொரட்டிப் போட எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? காலேஜா? அவங்கதான். டாக்டரையெல்லாம் வெட்டுங்க, நான் கேக்கல.”

அடுக்களையிலிருந்து மனைவி சொன்னாள்: “நம்ம கல்யாணப் பத்திரிகைல இங்கிலீஷ்ல ஒங்க பேரு மொத்தமும் பெரிய எழுத்துதான். அன்னைக்கு வாயத் தொறக்கலையே நீங்க.”

மணி நாலு ஆகியிருந்தது. கடிதத்தை மறுபடி படித்தேன். முதல் மூன்று பத்திகளில் மதிப்பெண், சான்றிதழ், பணிவு. எந்த விண்ணப்பத்திலும் இருப்பவை. ஆயாம்மா நான்காம் பத்தியில் இருந்தார். செய்தியே அவர்தான், அது கீழே கிடந்தது. மற்றவர்களின் எழுத்தில் தினமும் இதைக் கண்டுபிடித்தவன், மகளின் கடிதத்தில் எழுத்தின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பத்தியை மேலே ஏற்றச் சொன்னேன். ஆயாம்மாவையே முதல் சொல்லாக வைத்து அவளே தட்டினாள். வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு என் விதிப்படியே பெரிய எழுத்து; இனி என் பேனா அங்கே போக வேலையில்லை. நாலு ஐம்பதுக்கு மெயில் போனது. நான் செய்த நல்ல திருத்தங்களில் அது ஒன்று. செய்ய வைத்தது அவள் பிடித்த பிடி.

மறுவாரம் வீடியோ நேர்காணலில் முதல் கேள்வியே ஆயாம்மாவைப் பற்றித்தான். அவரிடம் கற்றதைச் செய்து காட்டச் சொன்னார்கள். வீட்டுக் கட்டிலில் தன் அம்மாவைப் படுக்க வைத்துப் புரட்டிக் காட்டினாள். வேலை கிடைத்தது.

நன்றி சொல்ல மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகள் நீட்டிய கடித நகலை வாங்கினார்.

“இதுல நான் எங்கிட்டு இருக்கேன் சார்?”

முதல் சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

“டாக்டருக்கு மேலயா? ஆத்தாடி! இங்க யாருகிட்டயும் காட்டிப்புடாதீங்க” என்றவர், அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.